பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப்: சூடேறினால் மூன்றாம் கியர் வழுக்குகிறது, ரிவர்ஸ் தாமதம், கியர் பெட்டியை இறக்கத்தான் வேண்டுமா?

தண்டையார்பேட்டை_ஐஸ்வண்டி

அனைவருக்கும் வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எண்ணூர், மணலி பக்கம் மீனும் ஐஸும் ஏற்றிப் போகும் பிக்கப் எங்களுடையது. தொண்ணூறுகளின் இறுதியில் துறைமுக வேலைக்காக வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வண்டி. பிறகு ஏலத்தில் அப்பா எடுத்தார். டீசல், பின்சக்கர இயக்கம், நான்கு வேக ஆட்டோமேட்டிக். கியர் பெட்டியின் தகட்டில் டொயோட்டாவின் ஏ340 குடும்பத்து எண் இருக்கிறது.

விடியற்காலையில் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்த பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் நேரத்தில் எஞ்சின் வெறுமனே சீறுகிறது, வண்டி வேகமெடுக்கவில்லை, பிறகு ஒரு வெட்டு வெட்டிப் பிடிக்கிறது. சூடான நிலையில் ரிவர்ஸ் போட்டால் உடனே பிடிப்பதில்லை, காத்திருக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக, 65 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது, வரிசையாகப் போட்ட சின்ன வேகத்தடைகள் மேல் ஓடுவதுபோல் வண்டி அதிர்கிறது. சில நொடிகளில் நின்றுவிடும்.

பார்த்த மெக்கானிக் ஒருவர், பெட்டியை இறக்கி எல்லா கிளட்ச் பிளேட்டுகளையும் மாற்ற வேண்டும் என்கிறார். கேட்கும் தொகை வண்டியின் மதிப்பில் பாதிக்கு மேல். ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் சரக்கு கெட்டுப்போகும் தொழில் எங்களுடையது. இறக்குவதற்கு முன்னால் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது ஏதாவது உண்டா?

பெரம்பூர்_பட்டறை

தம்பி, உண்டு, நிறையவே உண்டு. ஆட்டோமேட்டிக் பெட்டி எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்கிற இயந்திரம். உள்ளே இருக்கும் கிளட்ச் தேய்ந்தாலும் வழுக்கும்; கிளட்ச் நன்றாக இருந்து அதை அழுத்திப் பிடிக்க வேண்டிய எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும் வழுக்கும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றேதான். அழுத்தத்தை அளக்காமல் "பிளேட் போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால் அது ஊகம். என் பட்டறையில் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டாமல் எந்தப் பெட்டியையும் இறக்க விடுவதில்லை.

முதலில் எண்ணெயைப் பாருங்கள். எஞ்சின் ஆயில் பார்ப்பதுபோல் வண்டியை அணைத்துவிட்டுப் பார்க்கக் கூடாது. ஓட்டிச் சூடேற்றி, சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கால்பிரேக்கையும் மிதித்தபடி கியர் நெம்புகோலை 'பி'யிலிருந்து (பார்க்) 'எல்' (லோ) வரை ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் நிறுத்திக் கொண்டுபோய், மறுபடி 'பி'க்குக் கொண்டுவந்து, எஞ்சின் ஓடும்போதே டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என இரண்டு அளவுக் குறிகள் இருக்கும். சூட்டுக்கான குறியைத்தான் பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். அளவு மீறினால் சுழலும் பாகங்கள் எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் தாங்காது, இரண்டு வழியிலும் கிளட்ச் வழுக்கும். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்ற எண்ணம் இந்தப் பெட்டியில் செல்லாது.

அடுத்தது, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு அல்லது வெளிர்ப் பழுப்பு என்றால் பரவாயில்லை. கருமையும் தீய்ந்த வாடையும் இருந்தால் பிளேட்டின் உராய்வுப் பூச்சு எரிந்திருக்கிறது. விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள், மணல்போல் நெருடக் கூடாது.

ரிவர்ஸ் தாமதத்தையும் "கொஞ்சம் லேட்" என்று சொல்லாமல் கைபேசியின் நிறுத்தக் கடிகாரத்தால் அளந்து சொல்லுங்கள். எஞ்சின் சூடாக, ஏசி அணைத்து, பிரேக்கை மிதித்தபடி 'என்'னிலிருந்து (நியூட்ரல்) 'டி'க்குத் (டிரைவ்) தள்ளுங்கள். வண்டி பிடிக்கும் அந்தச் சின்ன உதறல் வரை எத்தனை நொடி? அதேபோல் 'என்'னிலிருந்து 'ஆர்' (ரிவர்ஸ்). டொயோட்டாவின் பழைய பட்டறைக் கையேடுகள் முதலாவதற்கு 1.2 நொடிக்குள், இரண்டாவதற்கு 1.5 நொடிக்குள் என்று வைத்திருக்கின்றன. உங்கள் பெட்டிக்கும் அது பொருந்தும்.

எண்ணூர்_நண்டு

இவ்வளவு பாடு எதற்கு? புதுப்பேட்டையில் தேடினால் இறக்குமதிப் பெட்டி கிடைக்கும். மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் நட்டம்தானே.

பெரம்பூர்_பட்டறை

அந்தப் பெட்டி எந்த வண்டியிலிருந்து வந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, வெள்ளத்தில் நின்றதா என்று விற்பவருக்கே தெரியாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இவருடைய வண்டியில் குறை பெட்டிக்கு வெளியே இருந்தால், கேபிளிலோ குளிர்விப்பானிலோ வயரிங்கிலோ இருந்தால், புதிதாக மாட்டும் பெட்டியையும் அதே குறை தின்றுவிடும். ஆறு மாதத்தில் இரண்டாவது பெட்டிக்கும் இதே கதை. அப்படி வந்தவர்களை நிறையவே பார்த்துவிட்டேன். காரணம் தெரிந்த பிறகு பெட்டி மாற்றுவதானால் நான் தடுக்க மாட்டேன்.

திருவொற்றியூர்_மின்பொறி

தம்பி, கடற்கரை ஓரமாகவே ஓடும் வண்டி என்பதால் மின்சார வேலையை நான் சொல்கிறேன். நம் பகுதியில் உப்புக்காற்று பித்தளை, செம்பு, இரும்பு எதையும் விடுவதில்லை. இந்தக் குடும்பத்துப் பெட்டிகளில் எண்ணெய் அழுத்தத்தை ஆக்சிலரேட்டரிலிருந்து வரும் கேபிள் ஆள்கிறது. எப்போது எந்தக் கியர், லாக்-அப் (எஞ்சினையும் பெட்டியையும் வழுக்காமல் நேராகப் பூட்டும் கிளட்ச்) எப்போது என்பதைக் கணினி சோலனாய்டுகள் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள்) வழியாக ஆள்கிறது. கணினிக்கு வரும் மின்னழுத்தம் தடுமாறினால் கியர் மாற்றமும் தடுமாறும்.

பேட்டரியின் எதிர்முனையையும் பெட்டியின் உலோக உடலையும் மல்டிமீட்டரில் இணைத்து, எஞ்சின் ஓடும்போது விளக்கு, மின்விசிறி எல்லாம் போட்டு அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5 என்று காட்டினால் எர்த் கம்பியின் முனை அரித்துப்போயிருக்கிறது. கம்பி உறைக்கு வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே பச்சை பூத்துப் பொடியாகியிருக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பிறகு பிழைக் குறியீடு. உங்கள் வண்டி பிழை படிக்கும் பதினாறு முனை பிளக் வருவதற்கு முந்தைய முறையில் இருக்கலாம். தொண்ணூறுகளின் டொயோட்டா வண்டிகளில் எஞ்சின் பகுதியிலுள்ள சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால் 'ஓவர்டிரைவ் ஆஃப்' விளக்கு கண்சிமிட்டி எண்ணைச் சொல்லும். 42, 61 என்றால் வேக உணரிகள்; 62, 63 என்றால் கியர் மாற்றும் சோலனாய்டுகள்; 64 என்றால் லாக்-அப் சோலனாய்டு. விளக்கு சீராக, இடைவிடாமல் சிமிட்டினால் பிழை எதுவும் பதிவாகவில்லை. உங்கள் வண்டியின் கையேட்டில் இதே முறைதானா என்று பார்த்துவிட்டுத்தான் முனைகளை இணைக்க வேண்டும், வேறு முனையைத் தொட்டால் கணினிக்கே ஆபத்து.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்தக் குறியீடுகள் மின்சுற்றின் குறையைத்தான் சொல்லும். கிளட்ச் தேய்ந்ததையோ அழுத்தம் குறைந்ததையோ அந்தக் காலத்துக் கணினிக்குச் சொல்லத் தெரியாது. பிந்தைய வண்டிகளில் பி0730, பி0741 போன்ற குறியீடுகள் கியர் விகிதம் பொருந்தாததையும் லாக்-அப் பிடிக்காததையும் சொல்லும். அவையும்கூட அறிகுறியைத்தான் சொல்கின்றன, காரணத்தை அல்ல.

தண்டையார்பேட்டை_ஐஸ்வண்டி

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. பார்த்தவற்றை எழுதுகிறேன்.

எண்ணெய் அளவு சூட்டுக் குறிக்குள் இருக்கிறது. நிறம் அடர்பழுப்பு. தாளில் விட்டால் நடுவில் கருமை, சுற்றிலும் பழுப்பு வளையம். லேசான தீய்ந்த வாடை இருக்கிறது, மூக்கை நெரிக்கும் அளவுக்கு இல்லை. நெருடல் இல்லை.

குளிர்ந்திருக்கும்போது 'டி', 'ஆர்' இரண்டுமே கையேட்டு அளவுக்குள் பிடிக்கின்றன. சூடான பிறகு 'டி' ஒரு நொடிக்குச் சற்று மேல், 'ஆர்' கிட்டத்தட்ட மூன்று நொடி.

எர்த் அளந்தேன், 0.6 வோல்ட். கம்பியைக் கழற்றினால் முனை கையோடு வந்துவிட்டது. புதுக் கம்பி போட்டதும் 0.05க்கு வந்துவிட்டது. விளக்கு சீராகச் சிமிட்டுகிறது, பிழை எண் எதுவும் இல்லை. கியர் மாறும் நேரம் முன்பைவிட ஒழுங்காகியிருக்கிறது, ஆனால் மூன்றாம் கியர் சீறலும் ரிவர்ஸ் தாமதமும் அப்படியேதான் இருக்கின்றன.

பெரம்பூர்_பட்டறை

நல்லது, இப்போது பேச முடியும். இந்தப் பெட்டியில் மூன்றாம் கியரும் ரிவர்சும் பொதுவாக வைத்திருக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் டைரக்ட் கிளட்ச். முதல், இரண்டாம் கியர்களில் அது சும்மா இருக்கும். மூன்றுக்கு மாறும்போது பிடிக்கும். ரிவர்சிலும் அதுவேதான் பிடிக்கும். ஆகவே, இரண்டும் சேர்ந்து கெட்டால் சந்தேகம் முதலில் அதன் மேல் விழுகிறது. எல்லாப் பெட்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஜெனரல் மோட்டார்சின் 4எல்60இ பெட்டியில் மூன்றாம் கியருக்கு ஒரு கிளட்ச், ரிவர்சுக்கு வேறு ஒரு கிளட்ச். எந்தக் கியரில் எந்தக் கிளட்ச் பிடிக்கிறது என்ற அட்டவணை ஒவ்வொரு பெட்டிக்கும் கையேட்டில் உண்டு. கெட்ட கியர்களையும் நல்ல கியர்களையும் அதில் குறித்துப் பாருங்கள், பெட்டியைத் திறக்காமலே குற்றவாளியை நெருங்கிவிடலாம்.

ஆனால் அந்த மெக்கானிக் சொன்னது சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. ரிவர்ஸில் பெட்டி மற்ற நிலைகளைவிட அதிக அழுத்தம் கேட்கும். பொதுவாகவே அழுத்தம் குறைந்திருந்தால் முதலில் தடுமாறுவது ரிவர்ஸ்தான். குளிரில் சரி, சூட்டில் மோசம் என்பதையும் பாருங்கள். கிளட்சுக்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் வயதாகி விறைத்துப்போனால் பெரும்பாலும் குளிரில்தான் தாமதம் காட்டும், சூடேறி ரப்பர் இளகியதும் சரியாகும். உங்கள் வண்டியில் நேர்மாறாக நடக்கிறது. சூட்டில் எண்ணெய் நீர்த்து, எங்கோ அழுத்தம் தங்காமல் போகிறது.

இனி கேஜ். பெட்டியின் பக்கவாட்டில் சோதனைத் துளை ஒரு பிளக்கால் மூடப்பட்டிருக்கும். குறைந்தது 300 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை காட்டும் கேஜ் வேண்டும், ஏனென்றால் ரிவர்ஸில் முழு மிதிக்கு 200ஐத் தாண்டும். சின்ன கேஜ் மாட்டினால் உடையும், சூடான எண்ணெய் முகத்தில் தெறிக்கும். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள், முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. பிரேக்கை இறுக மிதித்து முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும் சோதனையை 5 நொடிக்கு மேல் நீட்டாதீர்கள். அந்த நொடிகளில் எஞ்சினின் முழு சக்தியும் எண்ணெயில் சூடாகத்தான் போய்ச் சேருகிறது. அடுத்த முறைக்கு முன் 'என்'னில் ஒரு நிமிடமாவது ஓடவிட்டு ஆறவிடுங்கள். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

கேஜ் மாட்டியதும் இரண்டு விஷயங்களையும் பாருங்கள். ஒன்று, சூடான நிலையில் எஞ்சினின் ஐடில் ஆர்பிஎம், அதாவது மிதிக்காமல் ஓடும்போது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. பம்ப் எஞ்சினோடு சுழல்கிறது, ஐடில் தாழ்ந்தால் அழுத்தமும் தாழும். இரண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிள். பலர் இதைக் கிக்டவுன் கேபிள் என்பார்கள். கியரை இறக்குவதற்கு மட்டும்தான் அது என்று நினைத்துக் கழற்றிப் போட்டவர்களும் உண்டு. இந்தப் பெட்டியில் மிதிக்கு ஏற்ப அழுத்தத்தை ஏற்றுவதே அதன் முதல் வேலை. முழு மிதியில் கேபிளின் நிறுத்துமணிக்கும் (உள்கம்பியில் இறுக்கிய சிறு உலோக மணி) உறை முனைக்கும் நடுவில் 0 முதல் 1 மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்க வேண்டும். கேபிள் தளர்ந்தால் கியர் மென்மையாக, சுகமாக மாறும், ஓட்டுநருக்குப் பிடித்தும் இருக்கும். உள்ளே அழுத்தமில்லாமல் பிளேட் எரிந்துகொண்டிருக்கும்.

மணலி_டேங்கர்

அனுபவத்தில் சொல்கிறேன், எண்ணூர் - மணலி வரிசையில் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு முதல் எதிரி சூடு. ஊர்ந்து போகும்போது, எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கியபடியேதான் இருக்கும், லாக்-அப் சேராது, முன்னால் காற்றும் வராது. ஐஸ் பாரத்தோடு இது இன்னும் கடினம். எண்ணெய் 80, 90 டிகிரியில் நீண்ட நாள் உழைக்கும். 120ஐத் தாண்டிவிட்டால் வேகமாகக் கெடும். அசல் குளிர்விப்பான் ரேடியேட்டருக்குள் இருப்பதால் ரேடியேட்டர் அடைத்தால் பெட்டியும் சேர்ந்து வேகும். ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு எண்ணெய்க் குளிர்விப்பான் மாட்டியதில் எங்கள் வண்டிக்கு நல்ல பலன். மேம்பாலச் சரிவில் வரிசை நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள், பிரேக்கைப் போடுங்கள்.

இன்னொன்று, வண்டி நின்றுபோனால் இழுவை வண்டிக்காரர்கள் முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டிப் பின்சக்கரத்தைச் சாலையில் உருட்டிக்கொண்டு போவார்கள். பின்சக்கர இயக்க ஆட்டோமேட்டிக்கில் இதை அனுமதிக்கவே கூடாது. எஞ்சின் ஓடாதபோது பம்ப் சுழலாது, எண்ணெய் போகாது, உள்ளே எல்லாம் உலர்ந்து சுழலும். பின்சக்கரத்தைத் தூக்கச் சொல்லுங்கள், அல்லது பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள், அல்லது வண்டியை முழுதாக மேலே ஏற்றிப் போகும் தட்டு லாரியைக் கூப்பிடுங்கள். சண்டை போட்டாவது சொல்லுங்கள்.

வியாசை_வாடகைவண்டி

இழைக்கு நடுவே ஒரு கேள்வி, மன்னிக்கவும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் தெருவில் ஒரு ஆட்டோமேட்டிக் பிக்கப் கதவு அளவுத் தண்ணீரில் நின்றது. பிறகு விற்றுவிட்டார்கள். இப்போது அதை என்னிடம் கொண்டுவந்து மலிவாகத் தருகிறேன் என்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

பெரம்பூர்_பட்டறை

பெட்டிக்குக் காற்றுப்போக்கி ஒன்று மேல்பக்கம் உண்டு. சூடான பெட்டி தண்ணீரில் மூழ்கிக் குளிரும்போது அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் வெளிறிய ரோஸ் நிறமாகி நுரைத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் உடைந்து கூலன்ட் கலந்தாலும் இதே நிறம்தான். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருள், பிளேட்டில் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைக் கரைத்துவிடும். இந்த நிறத்தைக் கண்டால் வண்டியைக் கிளப்பிப் பார்க்கக்கூட வேண்டாம். எண்ணெயை மாற்றி விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தால் நிறம் எதையும் சொல்லாது. பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டை (பான்) கழற்றிப் பார்க்கச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையை மழைக்காலத்தில் தாண்டுகிற எல்லாருக்கும் இதையே சொல்வேன்: தண்ணீர் சக்கரத்தின் நடுவரை வந்துவிட்டால் சுற்றிப் போங்கள்.

பழைய_வண்ணை_ஓட்டுநர்

ஐஸ்வண்டித் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. பழைய பெட்டியில் எண்ணெயை மாற்றாதீர்கள். மாற்றிய வாரமே பெட்டி போய்விடும். அந்த அழுக்கு எண்ணெய்தான் பிளேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெரம்பூர்_பட்டறை

ஐயா, நீங்கள் பார்த்தது உண்மையாகவே இருக்கும். ஆனால் யார் எப்போது எண்ணெய் மாற்றுகிறார்கள் என்று யோசியுங்கள். நன்றாக ஓடும்வரை தொடுவதே இல்லை. வழுக்க ஆரம்பித்த பிறகுதான் மாற்றுகிறார்கள். அந்தப் பெட்டி ஏற்கெனவே போகிற வழியில் இருக்கிறது. மாற்றிய வாரம் போனதும் பழி புது எண்ணெய் மேல் விழுகிறது.

உங்கள் பயத்தில் நியாயமான ஒரு பகுதி உண்டு. இயந்திரம் வைத்து அழுத்திக் கழுவும் முறையை பழைய பெட்டியில் நானும் செய்வதில்லை. படிந்திருந்த கசடு கிளம்பி, எண்ணெயைக் கிளட்சுகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வு பாடியின் நுண்துளைகளில் போய் அடைக்கலாம். பானைக் கழற்றி வடித்தால் மொத்த எண்ணெயில் ஒரு பகுதிதான் வரும், மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கும். ஆகவே வடித்து, ஃபில்டரை மாற்றி, புதிது ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி வடிப்பது என்று படிப்படியாகப் புதுப்பிக்கலாம். பெட்டிக்கும் அது அதிர்ச்சி இல்லை.

எந்த எண்ணெய் என்பதில் கறாராக இருங்கள். "சிவப்பு ஆயில்" என்று கேட்டு வாங்காதீர்கள். இந்தக் குடும்பத்துப் பழைய பெட்டிகளுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை குறிப்பிடப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு டைப் டி-4. டெக்ஸ்ரான் 3க்கு உரிமம் வழங்குவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இப்போது அந்தப் பெயரோடு கடையில் நிற்கும் டப்பாவின் தரத்துக்கு எண்ணெய் தயாரிப்பவர் மட்டும்தான் பொறுப்பு. பெயர் தெரிந்த தயாரிப்பாளரிடம், உங்கள் டிப் ஸ்டிக்கில் பொறித்திருக்கும் வகைக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதியிருப்பதை வாங்குங்கள். சிவிடி என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக்குக்கான எண்ணெயைத் தவறியும் ஊற்றாதீர்கள்.

தண்டையார்பேட்டை_ஐஸ்வண்டி

கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டோம். பக்கத்துத் தெரு டீசல் பம்ப் பட்டறைக்காரர் உடன் இருந்தார்.

சூடான நிலையில் ஐடில் 550 ஆர்பிஎம்தான் இருந்தது. அப்போது 'டி'யில் 50 பிஎஸ்ஐ, 'ஆர்'ல் 62. முழு மிதிச் சோதனையில் 'டி' 105ஐத் தாண்டவில்லை. கையேடு கேட்பது இதைவிட நன்றாகவே அதிகம். பட்டறைக்காரர் எஞ்சினை ஐடிலில் விட்டு, பெட்டிக்குப் போகும் கேபிளை மட்டும் கையால் மெல்ல இழுத்தார். முள் தயங்காமல் ஏறியது, 150ஐத் தாண்டியது. கையை விட்டதும் இறங்கியது.

பிறகு கேபிளைக் கழற்றினோம். முனை பித்தளை மூடிக்குக் கீழே உள்கம்பி துருப்பிடித்து இழைகள் விட்டிருந்தன. உறைக்குள் கம்பி ஒட்டிக்கொண்டு பாதி தூரம்தான் நகர்கிறது. முழு மிதியில் நிறுத்துமணிக்கும் உறை முனைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி.

பெரம்பூர்_பட்டறை

தம்பி, இந்தச் சோதனைதான் இந்த இழையிலேயே விலை மதிப்புள்ளது. கேபிளை இழுத்ததும் அழுத்தம் ஏறியது என்றால் பம்ப் நன்றாக இருக்கிறது, அழுத்தத்தை ஆளும் வால்வும் வேலை செய்கிறது. வால்வுக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை. ஏறாமலே நின்றிருந்தால் அந்த மெக்கானிக் சொன்ன வழியில்தான் போயிருக்க வேண்டும்.

கேபிளைப் புதிதாகவே போடுங்கள். பழைய கம்பிக்கு கிரீஸ் அடித்து ஓட்டுவது இந்த இடத்தில் கூடாது. ஐடிலைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு உயர்த்துங்கள், எஞ்சின் சூடாகவும் ஏசி அணைந்தும் இருக்கும்போது. ஐடிலில் கேபிள் தளர்வாகவே இருக்கும். ஆகவே ரிவர்ஸ் தாமதத்துக்குக் கேபிளைவிட அந்த 550தான் பெரிய காரணமாக எனக்குப் படுகிறது. பிறகு மறுபடி நேரத்தை அளந்து எழுதுங்கள். பான் கழற்றும்போது உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்களைப் படம் எடுத்துப் போடுங்கள். சாம்பல்நிறப் பசை மெல்லியதாக இருந்தால் வயதுக்கு இயல்பு. விரலில் குத்தும் துகளோ மின்னும் செதிலோ இருந்தால் கதை வேறு.

65இல் வரும் அதிர்வுக்குத் தனிச் சோதனை. காலியான சாலையில், பின்னால் வண்டி இல்லாதபோது, அதிர்வு வரும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடக்காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். லாக்-அப் உடனே விடுபடும். அதிர்வு அந்த நொடியே நின்றால் லாக்-அப் கிளட்ச்தான். நிற்காவிட்டால் எஞ்சினின் இன்ஜெக்டரையும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் என்ற மூட்டையும் நடு பேரிங்கையும் பாருங்கள். கிராஸ் தேய்ந்து 'டி' போடும்போது வரும் 'டங்' சத்தத்துக்கு முழுப் பெட்டியை இறக்கியவர்கள் இருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டை_ஐஸ்வண்டி

புதுக் கேபிள் போட்டாயிற்று, இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள். ஐடில் சரியான அளவில். முழு மிதியில் அழுத்தம் இப்போது கையேட்டு வரம்புக்குள் வந்துவிட்டது. கன்டெய்னர் வரிசையில் வெந்த பிறகும் மூன்றாம் கியர் சீறாமல் விழுகிறது; முன்பைவிடச் சற்று உறுதியாக, தெரியும்படி விழுகிறது. ரிவர்ஸ் இரண்டு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. கையேட்டின் 1.5க்குள் இன்னும் வரவில்லை.

பான் காந்தங்களில் மெல்லிய சாம்பல் பசை, துகள் இல்லை. பானின் அடியில் கருப்பு மாவு கொஞ்சம் இருந்தது. ஃபில்டர் மாற்றி முதல் கட்ட எண்ணெய் மாற்றமும் முடிந்தது. அதிர்வுச் சோதனையில் பிரேக்கைத் தொட்டதும் அதிர்வு நின்றது. எண்ணெய் மாற்றிய பிறகு அதிர்வு வருவது குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை.

அண்ணா, மீதியிருக்கும் இந்த ரிவர்ஸ் தாமதத்துக்கும் அதிர்வுக்கும் இப்போதே பெட்டியை இறக்க வேண்டுமா?

பெரம்பூர்_பட்டறை

இப்போது வேண்டாம். கருப்பு மாவு பிளேட்டின் பூச்சு. அழுத்தமில்லாமல் ஓடிய காலத்தில் டைரக்ட் கிளட்ச் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அந்த அரை நொடி அதனால்தான். தேய்ந்தது திரும்ப வளராது. ஆனால் அழுத்தம் சரியாகிவிட்டதால் தேய்மானம் இனி மெல்லத்தான் போகும். எண்ணெயை இன்னும் ஓரிரு கட்டம் மாற்றுங்கள். லாக்-அப் அதிர்வு புது எண்ணெயில் உள்ள உராய்வுச் சேர்மங்களால் பல வண்டிகளில் அடங்கியிருக்கிறது. அடங்காவிட்டால் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டி வரும், அன்று பெட்டி எப்படியும் இறங்கத்தான் வேண்டும். டைரக்ட் கிளட்சையும் சீல்களையும் அப்போதே சேர்த்துச் செய்துகொள்ளுங்கள், கூலி ஒன்றாகப் போகும்.

அதுவரை மாதம் ஒருமுறை ரிவர்ஸ் நேரத்தை அளந்து டைரியில் குறித்து வையுங்கள். குளிர்ந்த நிலையிலும் தாமதம் காட்ட ஆரம்பித்தால், அல்லது மூன்றாம் கியர் மறுபடி சீறினால், அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள். வழுக்கும் கிளட்சோடு பாரம் ஏற்றி ஓட்டினால், ஒரு கிளட்சோடு முடிய வேண்டிய செலவு டிரம், பம்ப், கன்வெர்ட்டர் என்று பரவிவிடும்.

எண்ணூர்_நண்டு

என் மைத்துனர் வண்டியிலும் இதே குடும்பத்துப் பெட்டிதான், ரிவர்ஸ் தாமதமும் உண்டு. நான் பெட்டி மாற்றச் சொல்லியிருந்தேன். முதலில் அளந்து பார்க்கச் சொல்கிறேன். அந்தக் கேஜ் எங்கே கிடைத்தது?

தண்டையார்பேட்டை_ஐஸ்வண்டி

வாங்கியது என்னிடமே இருக்கிறது. தனிச் செய்தி அனுப்புங்கள், காசிமேட்டில் காலை ஏலம் முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம். சோதனைத் துளையின் மரை அளவை மட்டும் முன்னதாகப் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் வண்டிக்கு அடாப்டர் லேத்தில் செய்ய வேண்டியிருந்தது. அதே அளவாக இருந்தால் அதையும் சேர்த்தே தருகிறேன். மரை பொருந்தாமல் பலவந்தமாக முடுக்கினால் பெட்டியின் அலுமினிய உடல் விரிசல் விடும்.